அணியின் பெயர் கடைசியில் வரட்டும்: இலக்கியச் சொற்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பள்ளியில் அணி இலக்கணம் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டைக் காட்டினால் போதும், "இதில் பயின்று வந்துள்ள அணி" என்று வாய் தானாகத் தொடங்கிவிடும். பெயர் சரியாகவே இருக்கும். அந்தப் பாட்டில் கவிஞர் என்ன செய்திருக்கிறார் என்று கேட்டால்தான் திணறல். நானும் அப்படித்தான் இருந்தேன். 'மலர்முகம்' என்பதற்கு 'உருவகம்' என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். ஏன் தவறு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. அவற்றுக்குள்ளும் கிளைகள் உண்டு. ஆனால் அதற்கு நெடுங்காலம் முந்தைய தொல்காப்பியம், உவமை ஒன்றுக்குத்தான் தனி இயல் வகுத்தது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு வரியிடம் சில கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழகுங்கள். பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: இங்கே எத்தனை பொருள்கள் இருக்கின்றன?

எழுதியவர் எதைப் பற்றிப் பேசுகிறார், அதற்காக எதை அழைத்து வந்திருக்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். 'புலி போலப் பாய்ந்தான்' என்பதில் பேசப்படுபவன் மனிதன், அழைத்து வரப்பட்டது புலி. பேசப்படுவதைப் பொருள் அல்லது உவமேயம் என்பார்கள். அழைத்து வரப்பட்டது உவமை அல்லது உவமானம். இரண்டையும் கட்டும் 'போல' என்பது உவம உருபு. 'பாய்தல்' இரண்டுக்கும் பொதுவானது, ஆகவே பொதுத்தன்மை. 'உவமை' என்ற சொல் அணிக்கும் பெயர், அந்த அணிக்குள் இருக்கும் ஓர் உறுப்புக்கும் பெயர். புதிதாக வருபவர்கள் குழம்புவதற்கு இது போதும். குழம்பினால் உவமானம், உவமேயம் என்ற இணையையே பயன்படுத்துங்கள்.

நன்னூல் உவம உருபுகளைப் பட்டியலிடும்போது போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டைச் சொல்லி, 'பிறவும்' என்று கதவைத் திறந்தே வைக்கிறது. இன்றைய உரைநடையில் போல, போன்ற, மாதிரி, ஒத்த ஆகியவற்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

உருபைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடாதீர்கள். எதில் ஒப்பு என்று கேளுங்கள். வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகை சொல்கிறது தொல்காப்பியம். செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. 'புலி போலப் பாய்ந்தான்' வினை. 'மழை போன்ற கொடையாளி' பயன். 'உடுக்கை போன்ற இடை' மெய். 'பொன் போன்ற மேனி' உரு. சரி, 'அவர் மழை போல வந்தார்' என்று ஒரு கதையில் வருகிறது என்று வையுங்கள். திடீரென்று வந்தாரா, எல்லோருக்கும் பயன்பட வந்தாரா, சத்தத்தோடு வந்தாரா? பொதுத்தன்மையை எழுதியவர் சொல்லவில்லை. முன்பின் வரிகள்தான் சொல்ல வேண்டும். உவமை என்று பெயர் சூட்டிவிட்டு நகர்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

இரண்டாம் கேள்வி: அந்த இரண்டும் எப்படி நிற்கின்றன?

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். ஒரே ஒப்புமை நான்கு விதமாக நிற்கலாம்.

இரண்டு பொருளும் இருந்து, நடுவே உருபும் இருந்தால் உவமை. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை / இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்ற குறளில் நிலமும் இருக்கிறது, பொறுப்பவரும் இருக்கிறார், 'போல' என்பதும் வெளிப்படையாக இருக்கிறது.

இரண்டும் தனித்தனி வாக்கியங்களாக நின்று, உருபு மட்டும் இல்லாமல் போனால் எடுத்துக்காட்டு உவமை. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்று ஒரு செய்தி, 'ஆதி பகவன் முதற்றே உலகு' என்று இன்னொரு செய்தி. 'அதுபோல' என்பதை நாம்தான் நடுவில் போட்டுப் படிக்கிறோம்.

இரண்டும் ஒன்றாகிவிட்டால் உருவகம். இது அதுபோல என்பதில்லை, இதுவே அது.

பேச வந்த பொருளைச் சொல்லாமல் மறைத்து, உவமானத்தை மட்டும் நிறுத்தினால் பிறிது மொழிதல். தண்டியலங்காரம் இதை ஒட்டு என்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் / சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். குறள் முழுவதும் வண்டிதான். ஆனால் இது 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் இருக்கிறது. எளிய பகைவர்கள்தானே என்று பலரையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ளும் அரசன்தான் சொல்லப்படாத பொருள். நாமும் அன்றாடம் பிறிது மொழிகிறோம். கெட்டிக்காரர் ஒருவர் தவறு செய்தால் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அங்கே யானை எங்கிருந்து வந்தது?

இப்போது மலர்முகத்துக்கு வருவோம்.

மலர்முகம், முகமலர். மதிமுகம், முகமதி. தேன்தமிழ், தமிழ்த்தேன். ஒவ்வோர் இணையிலும் இருப்பவை அதே இரண்டு சொற்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. முதலாவதில் நடுவே 'போன்ற' என்பதைச் செருகிப் பாருங்கள். மலர் போன்ற முகம், தேன் போன்ற தமிழ். பொருந்துகிறது. இது உவமை, உருபு மறைந்திருப்பதால் இலக்கணத்தில் உவமைத்தொகை. இரண்டாவதில் 'ஆகிய' என்பதைச் செருகுங்கள். முகமாகிய மலர், தமிழாகிய தேன். இது உருவகம். இந்தச் சோதனையை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும், அது சரியும்கூட. ஆனால் அதைவிட நம்பகமான ஒரு சாட்சி வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது: வினைச்சொல்.

தமிழில் தொகையின் கடைசிச் சொல்தான் பெரும்பாலும் தலைச்சொல், வினை அதன் பின்னால்தான் போகும். 'தேன்தமிழ் பேசினான்' என்போம். பேசப்படுவது தமிழ், தேன் அதற்கு அடைமொழி. 'தமிழ்த்தேன் பருகினான்' என்போம். பருகப்படுவது தேன்; தமிழ் அந்தத் தேனுக்குள் கரைந்துவிட்டது. 'தமிழ்த்தேன் பேசினான்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். உவமையில் பேசப்படும் பொருள் தன் இயல்பான வேலையையே செய்கிறது. அழைத்து வந்தது அதற்கு அழகு சேர்க்கிறது. உருவகத்தில் அழைத்து வந்த பொருள் ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறது, வினைச்சொல்லையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. முகமலர் வாடும். மலர்முகம் சிவக்கும். நான் அன்று மதிப்பெண் இழந்தது இந்த இடத்தில்தான்.

இதோடு ஒட்டியது ஏகதேச உருவகம். தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றதை அப்படியே விட்டுவிடுவது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் / இறைவன் அடிசேரா தார்.' பிறவி கடலாகிவிட்டது. அந்தக் கடலைக் கடக்க உதவும் இறைவனடி தெப்பமாகவில்லை, அடியாகவே நிற்கிறது. வினையைக் கவனியுங்கள்: நீந்துவர். கடலின் வினை. நம் சாட்சி இங்கேயும் பொய் சொல்லவில்லை.

ஒப்பு என்று தொடங்கி வேறுபாட்டில் முடிப்பதும் உண்டு. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே / நாவினாற் சுட்ட வடு.' தீயும் நாவும் சுடுவதில் ஒன்று, ஆறுவதில் வேறு. இது வேற்றுமை அணி. நெருப்பின் காயத்தைப் 'புண்' என்றும் சொல்லின் காயத்தை 'வடு' என்றும் சொல்லியிருப்பதை அணியின் பெயர் உங்களுக்குக் காட்டாது, கண்தான் காட்டும்.

உயிரில்லாதது ஏதாவது செய்கிறதா?

அடுத்து இதைக் கேளுங்கள். 'காற்று கதவைத் தட்டியது', 'கடல் அழைக்கிறது'. அஃறிணைப் பொருளுக்கு மனிதச் செயலை ஏற்றிச் சொல்வது மிகப் பழைய வழக்கம். 'கேட்குந போலவும் கிளக்குந போலவும் / இயங்குந போலவும் இயற்றுந போலவும் / அஃறிணை மருங்கினும் அறையப் படுமே' என்று நன்னூல் இதற்கு அனுமதிச் சீட்டே கொடுத்திருக்கிறது.

இதைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடுவதுதான் பரவலான தவறு. தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு வேண்டும். இயற்கையாக நடக்கும் ஒன்று முதலில் வேண்டும். அதற்குக் கவிஞர் தம் கருத்தை ஒரு காரணமாக ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலின் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கொடி என்றால் ஆடத்தான் செய்யும். ஆனால் இளங்கோவடிகள், அவை 'வாரல்' என்று, அதாவது வராதீர்கள் என்று, கையை மறித்துக் காட்டுவதுபோல ஆடின என்கிறார். கோவலனுக்கு அந்த நகருக்குள் என்ன நேரப்போகிறது என்பது படிப்பவருக்குத் தெரியும், கொடிக்கும் தெரிந்திருக்கிறது, நடந்து போகிற இருவருக்கு மட்டும் தெரியாது. 'காற்று கதவைத் தட்டியது' என்பதில் அப்படி ஏற்றப்பட்ட காரணம் ஏதும் இல்லை. 'தனியாக இருப்பவளுக்குத் துணையாக வரலாமா என்று கேட்டுக் காற்று கதவைத் தட்டியது' என்று எழுதினால் தற்குறிப்பேற்றமாகிவிடும். எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இது பக்கத்துக்கு ஒன்று வந்தால் படிப்பவருக்குச் சலித்துவிடும்.

ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறதா?

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், பொருளும் அதேதானா என்று பாருங்கள். 'செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்' என்ற குறளில் செல்வம் எங்கு வந்தாலும் செல்வம்தான். இது சொற்பொருள் பின்வருநிலை. 'பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் / பொருளல்லது இல்லை பொருள்' என்பதில் முதலில் வருவது மதிப்பு, பின்னால் வருவது பணம். சொல் ஒன்று, பொருள் வேறு. இது சொற்பின்வருநிலை.

ஒருமுறை வந்த சொல்லே இரு பொருள் தந்தால் சிலேடை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்:

'ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது.'

முதலில் பாம்பு. படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். ஆடும்போது சீறும். மூடியைத் திறந்தால் தலையை நீட்டும். கடித்து நஞ்சு தலைக்கேறினால் பரபரவென்றிருக்கும். பிளவுபட்ட நாக்கும் உண்டு. இப்போது எள். செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தை அடையும். ஆடும்போது செக்கு இரையும். மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெயில் நம் முகம் தெரியும். தலையில் தேய்த்தால் பரபரவென்று பிடிக்கும். பிண்ணாக்கும் மிஞ்சும்.

'ஆடி', 'இரையும்' ஆகியவை உடையாமல் நின்றபடியே இரண்டு பொருள் தருகின்றன. இது செம்மொழிச் சிலேடை. 'பிண்ணாக்கு' அப்படியில்லை. எள்ளுக்கு அது ஒரே சொல், பாம்புக்கு 'பிள் நாக்கு' என்று உடைத்தால்தான் பொருள் வரும். இது பிரிமொழிச் சிலேடை. அடுத்த முறை யாராவது மேடையில் சிலேடை சொன்னால், உடைத்தாரா உடைக்காமல் சொன்னாரா என்று கவனியுங்கள். உடைப்பதே கடினமான வித்தை என்பது என் எண்ணம்.

சொன்னது ஒன்று, குறித்தது வேறா?

புகழ்வதுபோலப் பழித்தாலும், பழிப்பதுபோலப் புகழ்ந்தாலும் வஞ்சப்புகழ்ச்சி. 'தேவர் அனையர் கயவர் அவரும்தாம் / மேவன செய்தொழுக லான்.' கயவர்கள் தேவர்களைப் போன்றவர்களாம். ஏன்? இருவருமே மனம் போனபடி நடப்பவர்கள். பாதிக் குறள்வரை பாராட்டு, பிறகு அடி.

இதன் உச்சம் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஒளவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துச் சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த பெரிய மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. குரலில் மரியாதை குறையவே இல்லை. யாருடைய வேல் போரைப் பார்த்தது என்பது மட்டும் அவையில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

அங்கதம் என்ற சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்: குறைகளைக் கேலியால் குத்திக்காட்டுவது. அது ஒரு வரியோடு முடிவதில்லை. ஒரு கதை, ஒரு நாடகம் முழுவதுமே அங்கதமாக இருக்கலாம். வஞ்சப்புகழ்ச்சி அதன் கையில் இருக்கும் கருவிகளில் ஒன்று.

ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பது ஆகுபெயர். இது அணி இல்லை, சொல்லிலக்கணம். ஆனாலும் கதையும் கவிதையும் இது இல்லாமல் நகராது. 'ஊரே சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் ஊர்மக்கள், ஆகவே இடவாகுபெயர். 'தலைக்கு ஒரு புத்தகம்' என்பதில் தலை ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். 'வள்ளுவரைப் படித்தேன்' என்றால் படித்தது அவர் எழுதிய நூலை, கருத்தாவாகுபெயர். உருவகத்தோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒரே வழி, ஒப்புமையா உறவா என்று கேட்பது. ஊருக்கும் ஊர்மக்களுக்கும் சாயல் ஒற்றுமை இல்லை, இருப்பிடம் என்ற உறவுதான் உண்டு. விதிவிலக்கு உவமையாகுபெயர்: 'பாவை வந்தாள்' என்பதில் பாவை போன்ற பெண் வந்தாள்.

மோனை, எதுகை பற்றி இரண்டு வரி போதும். சீர்களிலோ அடிகளிலோ முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. 'அகர', 'ஆதி' மோனை (அ, ஆ ஓரின எழுத்துகள்). 'அகர', 'பகவன்' எதுகை. இவை யாப்பைச் சேர்ந்த தொடைகள். மேலே அதே குறளை எடுத்துக்காட்டு உவமை என்று சொன்னோம், அது அணி. இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை, நாம் கேட்ட கேள்விதான் வேறு.

படிமமும் குறியீடும்

புதுக்கவிதை, சிறுகதை விமர்சனங்களில் இந்த இரண்டும் கைகோத்தே வரும். ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. வேறுபாட்டைக் காட்ட ஒரு வரி எழுதுகிறேன்: 'சாத்திய கதவின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.' ஒப்புமை இல்லை, உருபு இல்லை, ஆனாலும் கண்முன் ஒன்று நிற்கிறது. அது படிமம். புலனுக்கு எட்டுவதுதான் அதன் வேலை. காட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓசை, வாசனை, தொடுகை எதுவும் படிமமாகலாம்.

அதே கதவு கதையில் மறுபடியும் வருகிறது என்று வையுங்கள். அப்பாவோடு சண்டை நடந்த இரவில் சாத்தியிருக்கிறது. மகள் ஊரைவிட்டுப் போகும் நாளிலும் சாத்தியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் யாரும் எதுவும் பேசவில்லை, கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. இப்போது அது குறியீடு. மரக்கதவாக இருந்துகொண்டே வேறொன்றையும் சுமக்கிறது. ஒரே ஒருமுறை வந்த பொருளைக் குறியீடு என்று அடித்துச் சொல்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். சில நேரம் கதவு வெறும் கதவுதான்.

உள்ளுறை உவமம், இறைச்சி ஆகியவற்றை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். திணை, முதற்பொருள், கருப்பொருள் ஆகியவை பழகிய பிறகு அகப்பாடல்களோடு சேர்த்துப் படித்தால்தான் அவை பிடிபடும்.

ஒரு பயிற்சி

ஒரு குறிப்பேட்டில் வலப்பக்கம் பெரிய இடம் விட்டு, இடப்பக்கம் ஒரு வரியை எழுதுங்கள். பேசப்படும் பொருளின் கீழ் ஒரு கோடு, அழைத்து வந்ததன் கீழ் இரண்டு கோடு, வினைச்சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு மேலே உள்ள கேள்விகளை வலப்பக்கத்தில் கேட்டுக்கொண்டே போங்கள். இதோ, இதற்காகவே எழுதிய ஒரு பத்தி:

'வெயில் ஊரை உருக்கிக்கொண்டிருந்தது. மரங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. தெருவே தூங்கியது.'

முதல் வரியில் இரண்டு கோடு போட எதுவும் அகப்படாது. ஆனால் வட்டமிட்ட வினையைப் பாருங்கள். உருகுவது உலோகம், மெழுகு. அந்தப் பெயரைச் சொல்லாமலேயே வினை ஊரை உலோகமாக்கிவிட்டது. உருவகத்தின் வேலை, பெயர்ச்சொல் இல்லாமல் நடந்திருக்கிறது. இரண்டாம் வரியில் மரங்களுக்கு மனிதச் செயல் ஏறியிருக்கிறது. காரணம் சொல்லப்படாததால் தற்குறிப்பேற்றமில்லை. 'சூரியனின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று' என்று முன்னால் சேர்த்தால் ஆகிவிடும்.

மூன்றாம் வரிதான் தகராறு. தெருவில் இருப்பவர்கள் தூங்கினார்கள் என்றால் இடவாகுபெயர். தெருவே ஓர் உயிர்போலக் கண்ணை மூடிக்கொண்டது என்றால் முந்தைய வரியின் வகை. மரங்கள் மூச்சைப் பிடித்திருக்கும் இடத்தில் தெருவும் உயிர் பெற்றிருக்கலாம் என்று நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அடுத்த வரி 'ஒரு வீட்டில் மட்டும் யாரோ இருமினார்கள்' என்று தொடர்ந்தால், என் விடையை அடித்துவிட்டு இடவாகுபெயர் என்று திருத்திக்கொள்வேன்.